காற்றின் மேல் போடாத பழி

நான் வேலை பார்த்த நர்சரியிலிருந்து இரண்டு பிள்ளைகள் போன வாரம் என்னைத் தேடி அனுமந்தன்பட்டிக்கு வந்திருந்தார்கள். வீட்டில் ஆர்க்கிட் வளர்ப்பவர்களுக்கு எப்படித் தண்ணீர் விடுவது என்று ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள், எல்லோருக்கும் போனில் அனுப்பிவிடுகிறோம் என்றார்கள். இப்போதெல்லாம் யாரும் வீடு தேடிப் போய்ச் செடி பார்ப்பதில்லை. செடி வைத்திருப்பவர் படம் எடுத்து அனுப்புகிறார். இவர்கள் அதைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, டீ ஆறுவதற்குள் பதில் போட்டுவிடுகிறார்கள். அப்படிப் போட்ட பதில்கள் சிலவற்றை எனக்குக் காட்டினார்கள். "தண்ணீர் அதிகம். வீட்டில் யார் ஊற்றுகிறார்கள் என்று விசாரிக்கவும்" என்று ஒன்று இருந்தது. தப்பில்லாத பதில். நானும் ஒரு காலத்தில் இதையேதான் சொல்லியிருப்பேன். ஆனால் அந்த இரண்டாவது வரியைப் படித்ததும் எனக்கு மனசு சரியில்லாமல் போய்விட்டது. ஒரு பக்கம் கேட்டவர்களுக்கு இவ்வளவு நீளமாக எழுதுவதற்கு அந்த வரிதான் காரணம்.

நான் அடிப்படையில் திராட்சைத் தோட்டத்து ஆள். மருந்தடிப்பதில் பெயரெடுத்தவன். ஒரு இலையைத் திருப்பிப் பார்த்தால் போதும், இது நோய், இது மருந்து கூடிப் போய்க் கருகியது, இதை அடித்தவன் வெயில் ஏறிய பிறகு அடித்திருக்கிறான் என்று பிட்டுப் பிட்டு வைத்துவிடுவேன். அதனால் தோட்டக்காரர்கள் என்னைக் கொண்டாடினார்கள், கூட வேலை பார்த்தவர்கள் என்னைக் கண்டால் ஒதுங்கினார்கள். இரண்டையுமே நான் பெருமையாக எடுத்துக்கொண்டேன். மருந்துக் காற்று நெஞ்சுக்கு ஒத்துக்கொள்ளாமல் போன பிறகு, கம்பத்தில் புதிதாக ஆரம்பித்திருந்த ஆர்க்கிட் நர்சரியில் சேர்ந்தேன். அங்கே செடி விற்பதோடு விடுவதில்லை. வாங்கியவர்கள் வீட்டுக்குப் போய் அவ்வப்போது பார்த்து, யோசனை சொல்லிவிட்டு வரவேண்டும். அந்த வேலைதான் எனக்கு.

முதலாளி சூசம்மா, கேரளத்துக் கட்டப்பனைப் பக்கத்திலிருந்து வந்தவர். ஊருக்கெல்லாம் அவர் சேச்சி. என்னைவிட வயதில் சின்னவரை அப்படிக் கூப்பிட எனக்கு வாய் வரவில்லை, கடைசி வரை மேடம் என்றே கூப்பிட்டேன். அவர் என்னை "முருகேசன்" என்று முழுசாகச் சொல்லித்தான் கூப்பிடுவார். ஆர்க்கிட்டுக்கு மண் கூடாது, மரப்பட்டைத் துண்டும் கரியும் போதும், வேருக்குத் தண்ணீர் எவ்வளவு வேண்டுமோ காற்றும் அவ்வளவு வேண்டும் என்பதையெல்லாம் ஒரு வருஷத்தில் படித்துக்கொண்டேன். படிக்க முடியாமல் போனது மேடத்தின் ஒரு பழக்கத்தைத்தான்.

எந்த வீட்டுக்குப் போனாலும் அவர் முதலில் செடியைப் பார்க்க மாட்டார். குடிக்கத் தண்ணீர் கேட்பார். மரியாதைக்குக் கேட்பதாக வீட்டுக்காரர்கள் நினைத்துக்கொண்டு எவர்சில்வர் சொம்பைக் கழுவி எடுத்து வருவார்கள். அவர் ஒரு வாய் குடித்ததும், இது போர் தண்ணீரா, ஆற்றுத் தண்ணீர் வரும் குழாயா, உப்பு எவ்வளவு என்று கணக்குப் போட்டுவிடுவார். பிறகு தொட்டியைக் கையில் தூக்கிக் கனம் பார்ப்பார். வேர் வெள்ளி நிறத்தில் இருக்கிறதா, பச்சையாக இருக்கிறதா என்று பார்ப்பார். வெள்ளி என்றால் தாகம், பச்சை என்றால் வயிறு நிறைந்திருக்கிறது. கடைசியாகப் பட்டைத் துண்டு ஒன்றை எடுத்து முகர்ந்து பார்ப்பார். அதற்குள் செடிக்கு என்ன ஆயிற்று, யாரால் ஆயிற்று என்பது அவருக்குத் தெரிந்துவிடும். எனக்கும் தெரிந்துவிடும். வீட்டுக்காரர்கள் எங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். மேடம் கையைத் துடைத்துக்கொண்டு, "காத்துதான். கம்பம் காத்து பொல்லாதது, கேட்டோ" என்பார்.

எங்கள் பக்கத்துக் காற்றைப் பற்றித் தெரியாதவர்களுக்குச் சொல்லவேண்டும். வைகாசி பாதியில் மேற்கு மலை இடுக்குகள் வழியாக இறங்க ஆரம்பித்தால் ஆவணி வரை ஓயாது. வாழை இலையை நார் நாராகக் கிழித்துப் போடும். கொடியில் காயும் வேட்டியைப் பக்கத்துத் தெருவில் போய்த்தான் எடுக்கவேண்டும். அப்படிப்பட்ட காற்றின் மேல் எதைப் போட்டாலும் ஊர் நம்பும். காற்றே இல்லாத மாசி மாதத்திலும் மேடம் காற்று என்றுதான் சொன்னார். அப்போதும் நம்பினார்கள்.

கம்பத்தில் ஒரு திராட்சை வியாபாரி வீட்டில் மருமகள் ஆசையாக வாங்கி வைத்த டென்ட்ரோபியம் செடி அழுகிப் போயிருந்தது. தொட்டியை மூக்கருகே கொண்டுபோனதும் எனக்குப் புரிந்துவிட்டது, புளித்த மோர் வாடை. கறிவேப்பிலைக்கு ஊற்றுகிற மாதிரி மாமியார் இதற்கும் மோர் ஊற்றியிருக்கிறார். வாயைத் திறக்கப் போனேன். மேடம் என் காலை மிதித்துவிட்டு, மாமியாரைப் பார்த்தே, "இந்தக் காத்துக்கு இது தாங்காதம்மா, உள்பக்கமா வைங்க. வெறும் தண்ணி மட்டும் போதும்" என்றார். மாமியாரும் தலையாட்டினார். திரும்பி வரும்போது எனக்கு ஆற்றாமை தாங்கவில்லை. காரணத்தைச் சொல்லாவிட்டால் அந்த அம்மா அடுத்த செடிக்கும் மோர்தானே ஊற்றும் என்று கேட்டேன்.

"வெறும் தண்ணின்னு சொல்லியாச்சு, இனி ஊத்தமாட்டாங்க. செடிக்கு என்னன்னு பார்க்கிறதுதான் நம்ம வேலை. ஆளைக் கண்டுபிடிக்கிறது போலீஸ் வேலை, முருகேசன்" என்றார்.

வியாபாரத்துக்காக மழுப்புகிறார் என்று நினைத்தேன். வெகு காலம் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

உத்தமபாளையத்தில் ஹனீபா ராவுத்தர் என்று ஒருவர் இருந்தார். ஜவுளிக் கடையை மகனிடம் விட்டுவிட்டு வீட்டோடு இருந்தவர். மகன் கடையை மதுரைக்கு மாற்றிக்கொண்டு போய்விட்டதால் வீட்டில் அவரும் மனைவி ஜமீலாம்மாவும் மட்டும்தான். எங்களிடம் ஒரே ஒரு செடிதான் வாங்கினார். பெலனாப்சிஸ் என்று பெயர். வாயில் நுழையாததால் எங்கள் பக்கத்தில் பட்டாம்பூச்சிச் செடி என்றாகிவிட்டது. அகலமான நாலைந்து இலை, நடுவில் ஒரே குருத்து. பூத்தால் வெள்ளைப் பூ வரிசையாகத் தொங்கும், மாசக்கணக்கில் வாடாது. இந்தச் செடிக்கு ஒரு குறை உண்டு. வளர்வது அந்த ஒரே குருத்து வழியாகத்தான். அங்கே தண்ணீர் தேங்கி ஓரிரவு நின்றால் அழுகத் தொடங்கிவிடும். குருத்து போனால் செடி போன மாதிரி.

இத்தனை வருஷத்தில் நான் பார்த்தவர்களில் ராவுத்தர் மாதிரி தண்ணீர் விட்டவர் இல்லை. பிள்ளைகள் கேட்ட பக்கத்தை இங்கே எழுதிவிடுகிறேன், அவர் செய்ததை அப்படியே செய்தால் போதும். காலைத் தொழுகை முடிந்து வந்ததும் செடியிடம் போவார். வேர் பச்சையாக இருந்தால் அன்றைக்குத் தண்ணீர் கிடையாது. வெள்ளியாக மாறியிருந்தால், மழைக்குப் பிடித்து வைத்த தண்ணீரைத் தொட்டியின் ஓரமாகச் சுற்றி ஊற்றுவார். அடியில் வடியும் வரை ஊற்றி, முழுசாக வடிந்த பிறகுதான் ஜன்னலோரம் திரும்ப வைப்பார். அதன்பிறகு தோளில் கிடக்கும் துண்டின் நுனியைத் திரி மாதிரி முறுக்கி, குருத்துக்குள் விட்டுத் துளி ஈரமில்லாமல் ஒற்றி எடுப்பார். காற்றுக் காலம் வந்துவிட்டால் மேற்கு ஜன்னலைச் சாத்திவிடுவார். எனக்கு அங்கே சொல்வதற்கு ஒன்றுமே இருக்காது, டீ குடித்துவிட்டு வருவேன்.

ஒரு வைகாசிக் கடைசியில் அவர் தேனி ஆஸ்பத்திரியில் மௌத்தானார். அந்த நேரத்தில் ஜமீலாம்மா குளித்து மாற்றுத்துணி எடுத்துவர வீட்டுக்கு வந்திருக்கிறார். ராவுத்தருடைய அக்கா ஆமினாம்மாதான் பக்கத்தில் இருந்திருக்கிறார். உயிர் பிரியும்போது தம்பி வாயில் கரண்டியால் தண்ணீர் விட்டது அந்த அம்மாதான். அதற்குக் கொடுத்து வைக்கவேண்டும் என்று துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். கம்பத்தில் மகன் வீட்டில் இருந்த ஆமினாம்மா, தம்பி மனைவி இத்தாவில் இருந்து எழும் வரை துணைக்கு இருக்கிறேன் என்று அங்கேயே தங்கிவிட்டார். கணவர் இறந்த பெண் நாலு மாதம் பத்து நாள் வீட்டுக்குள்ளேயே, வெளி ஆண்கள் கண்ணில் படாமல் இருப்பதுதான் இத்தா. நாத்தனாரும் தம்பி பெண்டாட்டியும் அக்கா தங்கை போலப் பழகுபவர்கள் என்று தெருவே சொல்லும்.

ஆடியில் எனக்குச் சொல்லி அனுப்பினார்கள். போய் வாசலில் நின்றேன். கதவுக்கும் கூடத்துக்கும் நடுவே கனத்த திரை தொங்கியது. ஜமீலாம்மா திரைக்குப் பின்னால் செடிக்குப் பக்கத்தில் நின்று பேசினார். செடியை வெளியே கொண்டுவரச் சொன்னதற்கு, "அவுக வச்ச எடம்ணே. இத்தா முடியிற வரைக்கும் நகட்ட மாட்டேன்" என்று சொல்லிவிட்டார். ஆக, பார்க்காமலே பார்க்கவேண்டிய நிலைமை. இலை எப்படி இருக்கிறது என்று கேட்டேன், துவண்டு தோல் மாதிரி தொங்குகிறது என்றார். வேர் வெள்ளையாக இருக்கிறது என்றார். மேற்கு ஜன்னல் திறந்திருக்கிறதா என்று கேட்டேன். துக்கத்துக்கு வந்தவர்கள் புழுக்கம் என்று திறந்ததை யாரும் சாத்தவில்லையாம். காற்று செடியை உலர்த்திவிட்டது. ஜன்னலைச் சாத்தி, காலையில் மட்டும், ஓரமாக மட்டும் தண்ணீர் விடச் சொன்னேன். ஜமீலாம்மா ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லிக் காட்டினார். அவர் குரலில் இருந்த பயம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. "இது ஒண்ணுதாண்ணே அவுக கையால வளத்தது. இது போயிரக் கூடாது" என்றார். போகாது என்று சொல்லிவிட்டு வந்தேன். அடுத்த முறை போனபோது வேர் பச்சையாகிவிட்டது என்றார், எனக்கும் நிம்மதி.

ஆவணியில் மறுபடி ஆள் வந்தது. திரைக்குப் பின்னாலிருந்து அந்த அம்மா சொன்னது ஒரே விஷயம்தான். நடு இலையைத் தொட்டாராம், அது கையோடு வந்துவிட்டதாம்.

அதைக் கேட்டதுமே எனக்குத் தெரிந்துவிட்டது. இடத்தை விட்டு எடுக்காமல் இனி முடியாதம்மா என்றேன். கொஞ்ச நேரம் கழித்துத் திரை விலகி, ஆமினாம்மா தொட்டியை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்து என் முன்னால் நின்றார். வயதான அம்மா, முக்காட்டுக்குள் முகம் வாடியிருந்தது. குருத்து கறுத்து, உள்ளே தண்ணீர் நின்றது. வாடை வந்தது. காய்ச்சல்காரப் பிள்ளையை டாக்டரிடம் காட்டுகிற மாதிரி என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"எதனாலண்ணே?" என்று திரைக்குப் பின்னாலிருந்து ஜமீலாம்மா கேட்டார்.

மேடம் சொல்கிற அந்தச் சொல் எனக்கும் தெரியும். இந்த வீட்டில் அது பொய்கூட இல்லை. காற்றில்தானே எல்லாம் ஆரம்பித்தது. ஆனால் நான் சொன்னபடி செய்தும் செடி போயிற்று என்று ஆகிவிடக் கூடாதே என்கிற வீம்பு எனக்கு. அதோடு காரணம் தெரிந்துவிட்டால் அதைச் சொல்லாமல் இருக்க முடியாத பழைய திராட்சைத் தோட்டத்துப் புத்தி. கேட்டார்கள், சொன்னேன்.

"சாயங்காலத்துல நடுக்குருத்துல தண்ணி விழுந்திருக்கும்மா. ஒரு நா ரெண்டு நா இல்ல. தெனமும் யாரோ ஊத்தியிருக்காக."

ஆமினாம்மா தொட்டியை வாசல்படியில் இறக்கி வைத்துவிட்டு நிமிராமலே சொன்னார்.

"நாந்தான் ஜமீலா. மகரிபு தொழுகை முடிஞ்சு பள்ளிவாசல்ல ஓதி ஊதி வாங்கிட்டு வந்த தண்ணி. நல்லாயிரட்டும்னுதான் தெனமும் ஒரு வா ஊத்துனேன்."

வெளியூர்க்காரர்களுக்கு இது புரியாது. எங்கள் பக்கத்தில் அந்திக்குப் பள்ளிவாசல் வாசலில் பார்த்தால், தொழுதுவிட்டு வருகிறவர்கள் ஓதி ஊதிவிட்டுப் போகட்டும் என்று பிள்ளையும் தண்ணீர்ச் சொம்புமாகப் பெண்கள் வரிசையாக நிற்பார்கள். சாதி மதம் கிடையாது. என் மகளுக்கு மாந்தம் வந்தபோது என் மனைவியும் போய் நின்றிருக்கிறாள். அந்தத் தண்ணீரைத்தான் அந்த வயதான அம்மா தினமும் நடந்து போய் வாங்கி வந்து, தம்பி வளர்த்த செடியின் தலையில் ஊற்றியிருக்கிறார். நோயாளிக்குத் தலையில் தெளிப்பது போல. காலையில் ஊற்றுகிறவருக்குச் சாயங்காலம் ஊற்றுவது தெரியாது.

"என் வீட்டுக்காரருக்கும் கடைசித் தண்ணி நீங்கதான் குடுத்தீக. இதுக்குமா மதினி?"

ஜமீலாம்மா கத்தவில்லை, மெதுவாகத்தான் கேட்டார். அத்தனை நாள் புண்ணியம் என்று எல்லோரும் சொன்ன அந்தக் கரண்டித் தண்ணீர் அந்த ஒரு வார்த்தையில் வேறொன்றாகிப் போனது. காற்றும் ஒரு காரணம்தாம்மா என்று நான் ஏதோ உளறினேன். என் பேச்சை இரண்டு பேரும் கேட்டதாகத் தெரியவில்லை. மறுநாள் காலை பஸ்ஸில் ஆமினாம்மா கம்பத்துக்குப் போய்விட்டார் என்று பிறகு தெரிந்தது. மீதி இத்தா நாட்களை ஜமீலாம்மா தனியாகத்தான் இருந்தார்.

நர்சரிக்கு வந்து நடந்ததைச் சொன்னேன். மேடம் இலைகளை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். "அவங்க கேட்டாங்களா, நீங்களாச் சொன்னீங்களா?" என்று மட்டும் கேட்டார். கேட்டார்கள் என்றேன். "கேட்டாங்கன்னா என்ன செய்ய" என்று சொல்லிவிட்டு அடுத்த இலைக்குப் போய்விட்டார். அவர் என்னை நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

ஜமீலாம்மா தூக்கிப் போடச் சொன்ன செடியை நான் கொண்டுவந்திருந்தேன். அழுகிய குருத்தை அறுத்து, வெட்டிய இடத்தில் லவங்கப்பட்டைத் தூள் வைத்து, இரண்டு இலையோடு நர்சரி மூலையில் விட்டேன். நம்பிக்கை இல்லை. அபூர்வமாக அடித்தண்டின் பக்கவாட்டில் புதுக் குருத்து விடும், பெரும்பாலும் விடாது. தையில் விட்டது. மிளகளவு பச்சை. அதைப் பார்த்தபோது அழுகை வந்தது, கூச்சமில்லாமல் சொல்கிறேன்.

இலை இரண்டு வந்ததும் எடுத்துக்கொண்டு உத்தமபாளையம் போனேன். இத்தா முடிந்து ஜமீலாம்மா முன்னால் வந்து பேசினார். செடியைத் தொட்டுப் பார்த்தார். வாங்கிக்கொள்வார் என்று நினைத்தேன். "மதினிகிட்டக் குடுத்துருங்கண்ணே. நான் பேசுன பேச்சுக்கு நேர்ல போய் நிக்கத் தெம்பில்ல" என்றார். அப்படியே கம்பத்துக்குக் கொண்டுபோனேன். ஆமினாம்மா தொட்டியைக் கையில் வாங்கவே இல்லை. "நான் இனி எதுக்கும் தண்ணி ஊத்த மாட்டேன்ப்பா. உன் வீட்டுலயே இருக்கட்டும். பூத்தாச் சொல்லு, வந்து பாத்துட்டுப் போறேன்" என்றார். நாத்தனார் என்ன சொன்னார் என்று ஜமீலாம்மாவிடம் சொன்னேன். அவரும் அதையே சொன்னார், பூத்தால் சொல்லுங்கள்.

அப்படித்தான் அந்தச் செடி என் வீட்டுக்கு வந்தது. மேடம் நர்சரியை வேறு ஆளிடம் விட்டுவிட்டு மகளோடு போய்விட்டார். நானும் ஓய்வு பெற்றுவிட்டேன். வருஷா வருஷம் பங்குனியில் அது பூக்கிறது. நான் இரண்டு பேருக்கும் போன் செய்கிறேன். இரண்டு பேரும் வருகிறார்கள். ஒரு தடவைகூட ஒரே நாளில் வந்ததில்லை. சண்டை என்று ஒன்றும் இல்லை, கல்யாணம் காட்சியில் பார்த்தால் சலாம் சொல்லிக்கொள்கிறார்கள். அந்த வாசல்படியில் இறங்கிய தொட்டியை மட்டும் இரண்டு பேராலும் தாண்ட முடியவில்லை.

பிள்ளைகளுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். செடியைப் பற்றி எதை வேண்டுமானாலும் எழுதி அனுப்புங்கள். யார் ஊற்றினார்கள் என்று மட்டும் விசாரிக்கச் சொல்லாதீர்கள். எந்த வீட்டிலும் செடியை வெறுத்து யாரும் தண்ணீர் ஊற்றுவதில்லை.

இந்தப் பங்குனியிலும் பூத்தது. ஆமினாம்மா பேரன் கையைப் பிடித்துக்கொண்டுதான் வந்தார், கண் சரியாகத் தெரியவில்லை. பூவுக்கு எதிரே நாற்காலி போட்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தார். காலையில் நான் இன்னும் தண்ணீர் விடவில்லை, நீங்கள் ஒரு கை விடுங்கள் என்று சொம்பை நீட்டினேன். தலையை அசைத்து மறுத்துவிட்டார். போகும்போதுதான் கேட்டார்.

"ஏம்ப்பா முருகேசு, அன்னைக்குக் காத்துன்னு சொல்லியிருக்கலாம்ல? அவளும் நம்பியிருப்பா. நானும் நம்பியிருப்பேன்."

இத்தனை வருஷத்தில் ஒரு நாளும் கேட்காததைக் கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் பேரனோடு படி இறங்கிவிட்டார்.

மறுநாள் ஜமீலாம்மா போன் செய்தார்.

"மதினி வந்துட்டுப் போயிட்டாகளாண்ணே? ரொம்ப நேரம் இருந்தாகளா? எதுவும் கேட்டாகளா?"

நான் போனைக் காதில் வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்தேன். பங்குனியில் எங்கள் பள்ளத்தாக்கில் ஓர் இலை அசையாது. எதிர்வீட்டு முருங்கை படம் பிடித்து மாட்டியது போல நின்றது.

"ஒண்ணும் கேக்கலம்மா. காத்து ஜாஸ்தியா இருந்துச்சு, அதான் வெரசாக் கெளம்பிட்டாக" என்றேன்.

பிறகு ஜமீலாம்மா சொன்னார்.

"ஆமாண்ணே. இங்கனயும் காத்துதான்."